வெரோனாவும் திருவுளச்சீட்டும்

இத்தாலியின் வெரோனா நகரம் என்றதும் இலக்கியம் பயின்றோர் நினைவில் முதலில் எழுவது ரோமியோ–ஜூலியட் நாடகம். சற்றே ஆழ்ந்து பயின்றோர்க்குத் தாந்தேயும் நினைவுக்கு வரக்கூடும். பிளாரன்ஸிலிருந்து விரட்டப்பட்ட அந்த மகாகவிக்கு ஸ்காலா குடும்பத்து அரண்மனை அடைக்கலம் தந்தது இந்நகரில்தான். அதே நகரம் இருபதாம் நூற்றாண்டில் இன்னொரு கதைக்கும் களமாயிற்று. 1984–85ஆம் ஆண்டுப் பருவத்தில், இத்தாலியக் கால்பந்தின் முதல்நிலைப் போட்டியான ‘சீரீ ஆ’வில் ஹெல்லாஸ் வெரோனா என்னும் அணி வாகை சூடியது. அதற்கு முன் அவ்வணி அப்பட்டத்தை வென்றதில்லை; அதன் பின்னும் வென்றதில்லை.

இவ்வெற்றியைப் பற்றிப் பேசுவோர் எல்லோரும் தவறாமல் ஒரு விளக்கத்தையும் சேர்த்தே சொல்கிறார்கள். எந்த ஆட்டத்திற்கு எந்த நடுவர் என்பதை முழுமையாகச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தது அந்தப் பருவத்தில்தான். திருவுளச்சீட்டு வந்த ஆண்டில் எளிய அணி ஒன்று வென்றது. சீட்டு போனதும் மறுபடியும் டூரின் நகரத்துப் பெரிய அணியே வென்றது. ஆகவே, மற்ற ஆண்டுகளில் என்ன நடந்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள் என்று கதையை முடிப்பார்கள்.

கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால் வரலாற்றை விரும்புவோர் இனிய கதையை உரைகல்லில் உரசிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். இக்கதை மெய்யானால், இத்தாலியின் வேறு பல பட்டங்கள் களவுப் பொருள்களாகிவிடும். பொய்யானால், ஓர் அணி ஓராண்டு முழுதும் சிந்திய வியர்வையை நாம் ஒரு துண்டுச் சீட்டின் கணக்கில் வரவு வைத்தவர்கள் ஆவோம். இரண்டுமே அநீதி என்பதால், சற்று நிதானமாக நோக்குவோம்.

கிரேக்கப் பெயர் பூண்ட கழகம்

வெரோனாவின் மஃபேய் உயர்பள்ளி மாணவர்கள் சிலர் கூடி 1903ஆம் ஆண்டு ஒரு கால்பந்துக் கழகத்தைத் தோற்றுவித்தனர். அவர்களுக்குச் செவ்வியல் மொழிகள் கற்பித்த ஆசிரியர் ஒருவரின் விருப்பப்படி அதற்கு ‘ஹெல்லாஸ்’ என்று பெயரிட்டனர். ஹெல்லாஸ் என்பது கிரேக்க நாட்டிற்குக் கிரேக்கர்களே வழங்கிய பெயர். மொழியாசிரியர் ஒருவர் பெயர் சூட்டிய கால்பந்துக் கழகம் என்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு என்பதை மறைக்கவேண்டியதில்லை. நகரத்தின் நிறங்களான மஞ்சளும் நீலமுமே கழகத்தின் நிறங்களாயின. பழைய ஆட்சிக் குடும்பத்தின் பெயரால் ஆட்டக்காரர்களை ‘ஸ்காலிஜெரி’ என்றழைக்கும் வழக்கமும் வந்தது.

பெயரில் இருந்த பெருமை புகழில் நெடுங்காலம் இல்லை. 1957–58இல்தான் வெரோனா முதன்முதலாகச் சீரீ ஆவில் ஆடியது. அப்பருவத்தின் முடிவிலேயே கீழிறங்கியது. பின்பு ஏறுவதும் இறங்குவதுமாகக் காலம் கழிந்தது. 1973ஆம் ஆண்டு மே 20ஆம் நாள், பருவத்தின் கடைசி ஆட்டத்தில், பட்டத்தைக் கையில் பிடித்துவிட்டதாக நம்பி வந்த மிலான் அணியை 5–3 என்று வீழ்த்தியது. மிலான் இழந்த பட்டம் யுவெந்துஸுக்குப் போனது. ‘கொடுவினை வெரோனா’ என்ற பெயர் அன்றுமுதல் மிலான் அன்பர்களின் வாயில் நிலைத்துவிட்டது. பிறருடைய மகுடத்தைத் தட்டிவிட வல்லது, தான் சூட வல்லதன்று என்பதே அக்காலத்தில் வெரோனாவைப் பற்றிய மதிப்பீடு.

இங்கே ஒன்றை மறவாமல் சொல்லவேண்டும். 1974இல் ஒரு முறைகேட்டு வழக்கில் வெரோனா கழகமே தண்டிக்கப்பட்டு இரண்டாம் நிலைக்கு இறக்கப்பட்டது. தூய சிறுவர்க்கும் கறைபடிந்த பெரியவர்க்கும் இடையே நடந்த போராக இக்கதையைச் சொல்வோர் அந்த ஆண்டைத் தாண்டிக் குதித்துவிடுவது வழக்கம்.

ஐயம் என்னும் நோய்

திருவுளச்சீட்டு ஏன் வந்தது என்பதை அறிய அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளைப் பார்க்கவேண்டும்.

1980ஆம் ஆண்டு வசந்தத்தில் இத்தாலியக் கால்பந்தை ஒரு சூதாட்ட ஊழல் உலுக்கியது. பணம் பெற்றுக்கொண்டு ஆட்ட முடிவுகளை விற்றார்கள் என்று ஆட்டக்காரர்களைக் காவலர்கள் மைதானங்களிலிருந்தே அழைத்துச் சென்றனர். மிலான், லாத்சியோ ஆகிய இரு பெருங்கழகங்களும் இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டன. பின்னாளில் 1982 உலகக்கோப்பையை இத்தாலிக்கு வென்று தரவிருந்த பவுலோ ரோஸ்ஸியும் தடைக்கு ஆளானார்.

அடுத்து வந்த இரண்டு பருவங்கள் புண்ணில் உப்பைத் தேய்த்தன. 1981 மே 10ஆம் நாள் டூரினில் யுவெந்துஸும் ரோமாவும் மோதிய ஆட்டத்தில் ரோமாவின் துரோனே அடித்த கோல் ‘ஆஃப்சைடு’ என்று மறுக்கப்பட்டது. ஆட்டம் சமநிலையில் முடிந்தது. பட்டம் யுவெந்துஸுக்குச் சென்றது. அந்தக் கோல் செல்லுமா செல்லாதா என்ற வழக்கு ரோம் நகரத்துத் தேநீரகங்களில் பல பத்தாண்டுகள் நடந்தது. 1982 மே 16ஆம் நாள் யுவெந்துஸும் ஃபியொரெந்தினாவும் சமப் புள்ளிகளோடு கடைசி ஆட்டத்திற்குள் நுழைந்தன. கால்யாரியில் ஃபியொரெந்தினா அடித்த கோல் ஒன்று மறுக்கப்பட்டது. கத்தன்சாரோவில் யுவெந்துஸுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. ஒரு புள்ளி வித்தியாசத்தில் மறுபடியும் யுவெந்துஸ்.

இவற்றில் எதிலும் வஞ்சகம் நிறுவப்படவில்லை. நடுவர்களும் மனிதர்களே, கணப்பொழுதில் முடிவெடுப்பவர்களே. ஆனால் ‘உளவியல் பணிவு’ என்றொரு சொல்வழக்கு இத்தாலியக் கால்பந்து உலகில் முன்பே வேரூன்றியிருந்தது. நடுவர் கையூட்டு வாங்கவேண்டியதில்லை. பெரிய கழகத்தின் முன் நிற்கும்போது அவர் நெஞ்சம் தானே வளைந்துவிடும் என்பது அதன் பொருள். இந்தக் குற்றச்சாட்டை மெய்ப்பிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அதுவே அதன் கொடுமை.

அதுவரை நடுவர்களை ஆட்டங்களுக்கு ஒதுக்கும் பொறுப்பு அதற்கென நியமிக்கப்பெற்ற அதிகாரியின் கையில் இருந்தது. எந்த நடுவர் முதிர்ந்தவர், எந்த ஆட்டம் கடினமானது என்று எடைபோட்டு அவர் ஒதுக்குவார். எடைபோடும் கை இருக்கும்வரை அக்கை யார் பக்கம் சாய்கிறது என்ற கேள்வியும் இருக்கும். 1984–85 பருவத்தில் அந்தக் கையையே எடுத்துவிட்டு, பெயர்களைக் குலுக்கி எடுத்தார்கள்.

வெரோனாவின் பழைய வரலாற்றை அறிந்தோர்க்கு இதில் புதுமை ஏதும் தோன்றியிராது. 1405 முதல் 1797 வரை இந்நகரம் வெனிஸ் குடியரசின் ஆட்சியில் இருந்தது. அக்குடியரசு தன் தலைவரான ‘டோஜை’த் தேர்ந்த முறை உலகப் புகழ்பெற்றது. 1268ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட அம்முறையில், பேரவையிலிருந்து முப்பது பேரைச் சீட்டால் எடுப்பர். அவர்களை ஒன்பதாகச் சீட்டால் குறைப்பர். அவ்வொன்பதின்மர் நாற்பது பேரைத் தேர்வர். நாற்பதும் சீட்டால் பன்னிரண்டாகும். இப்படிச் சீட்டும் தேர்வும் மாறி மாறி வந்து, இறுதியில் நாற்பத்தொருவர் அவை டோஜைத் தேர்ந்தெடுக்கும். சீட்டுருண்டையை எடுப்பதற்கென ஒரு சிறுவனைக்கூட அமர்த்தியிருந்தார்கள்.

இத்தனை சுற்று எதற்கு? எந்தக் குடும்பமும் முன்கூட்டியே பேசி முடித்துவைக்கக் கூடாது என்பதற்குத்தான். திருவுளச்சீட்டு தகுதியானவரைக் கண்டுபிடித்துத் தருவதில்லை. முன்னேற்பாட்டைக் குலைப்பது மட்டுமே அதன் வேலை. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு பருவத்திற்குள் நுழைவோம்.

உலகமே திரண்ட ஆடுகளம்

1966 உலகக்கோப்பையில் வட கொரியாவிடம் தோற்ற அவமானத்தால் அந்நிய ஆட்டக்காரர்களுக்குக் கதவடைத்த இத்தாலி, 1980இல்தான் மீண்டும் திறந்தது. முதலில் அணிக்கு ஒருவர், 1982 முதல் இருவர். பணமும் புகழும் இருந்த இடத்திற்கு உலகம் ஓடி வந்தது. 1984 கோடையில் மரடோனா, உலகிலேயே அதுவரை காணாத விலைக்கு நாப்போலி வந்து சேர்ந்தார். இன்டருக்கு ரும்மனிகே, ஃபியொரெந்தினாவுக்குச் சாக்ரடீஸ், டோரினோவுக்கு ஜூனியர், சம்ப்தோரியாவுக்குச் சூனஸ். முன்பே யுவெந்துஸில் பிளாட்டினி, ரோமாவில் ஃபல்காவ், ஊதினேயில் ஜீகோ. ஒரே நாட்டின் லீக் போட்டியில் இத்தனை மேதைகள் ஒருசேர ஆடிய காலம் அரிது.

இவர்களுக்கிடையே வெரோனா வாங்கிய இரண்டு அந்நியர் யாவர்? பெல்ஜியத்தின் லோக்கரன் அணியிலிருந்து டென்மார்க் நாட்டவரான பிரெபென் எல்கியர். கைசர்ஸ்லாட்டர்ன் அணியிலிருந்து மேற்கு ஜெர்மானியர் ஹான்ஸ்-பீட்டர் பிரீகல். எல்கியர் காளையைப் போல் பாய்பவர். பிரீகல் இளமையில் தடகள வீரர். காலுறையைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டு, முழங்காலுக்குக் கீழ்க் காப்புமின்றி ஆடுவார்.

மற்றவர்களில் பலர் பெரிய கழகங்கள் வேண்டாமென்று விட்டவர்கள். பியெரீனோ ஃபன்னாவும் கால்டெரிசியும் யுவெந்துஸில் இடம் உறுதிப்படாமல் வந்தவர்கள். நடுக்களத்தின் மூளையான தி ஜென்னாரோ ஃபியொரெந்தினாவிலிருந்து வந்தவர். கோல்காப்பாளர் கரெல்லா, முன்பு லாத்சியோவில் செய்த தவறுகளால் நகைப்புக்கு ஆளானவர். கையைவிடக் காலால் பந்தைத் தடுப்பதில் வல்லவர் என்று சொல்லும்படியாக, பார்ப்போர் நெஞ்சம் பதைக்கும் பாணியில் ஆடுவார். வோல்பாத்தி மருத்துவம் படித்தவர். பின்னாளில் பல் மருத்துவரானார். தற்காப்பின் கடைசி அரணாகவும் தலைவராகவும் நின்றவர் திரிசெல்லா.

இவர்களைக் கோத்த நூல் பயிற்சியாளர் ஓஸ்வால்டோ பன்யோலி. 1935இல் மிலானின் தொழிற்சாலைப் பகுதியான போவீசாவில் பிறந்தவர். பேச்சு குறைவு, பேசினாலும் மிலான் வட்டார வழக்கு கலந்து வரும். விளையாட்டு எழுத்தில் இலக்கியத் தரம் கண்டவரும் நாவலாசிரியருமான ஜான்னி பிரேரா, இவருடைய வாட்டமான முகத்தையும் சிந்தனையையும் கண்டு ‘ஷோப்பன்ஹவர்’ என்று பட்டப்பெயர் சூட்டினார். துயரமே வாழ்வின் இயல்பு என்று சொன்ன தத்துவஞானியின் பெயர் ஒரு கால்பந்துப் பயிற்சியாளருக்கு! ஆனால் பன்யோலியின் தத்துவம் மிக எளியது: அவரவர் இடத்தில் அவரவர் நிற்கவேண்டும், தற்காப்பாளன் தற்காப்பாளனாகவே ஆடவேண்டும், பந்து கிடைத்ததும் நேராக முன்னே போகவேண்டும்.

முதல் நாள் முதல் கடைசி நாள் வரை

1984 செப்டம்பர் 16. முதல் ஆட்டம் வெரோனாவின் பெந்தெகோதி அரங்கில். எதிரே மரடோனாவின் நாப்போலி. உலகப் பத்திரிகைகள் எல்லாம் மரடோனாவைக் காண வந்திருந்தன. பன்யோலி அவரைக் காக்கும் பொறுப்பைப் பிரீகலிடம் ஒப்படைத்தார். பிரீகல் மரடோனாவை அடக்கியதோடு நில்லாமல் தானே ஒரு கோலும் அடித்தார். முடிவு 3–1.

அந்நாளில் வேறொன்றும் நடந்தது. வடக்கத்திய ரசிகர்கள் தெற்கத்திய நாப்போலியை ‘இத்தாலிக்கு நல்வரவு’ என்று எழுதிய பதாகையோடு எதிர்கொண்டனர் என்று மரடோனா பின்னாளில் நினைவுகூர்ந்தார். அதாவது, நீங்கள் இருப்பது இத்தாலியே அல்ல என்பது. இந்த இழிவைக் கண்டு தாம் தெற்கின் பக்கம் நின்றதாக அவர் சொன்னார். களத்தில் எளியவராய் இருந்த வெரோனா, மேடையில் எளியவரை இகழ்வோரையும் கொண்டிருந்தது. இதையும் சொல்லாவிட்டால் வரலாறு கோணிவிடும்.

அக்டோபர் 14ஆம் நாள் யுவெந்துஸ் வந்தது. கால்டெரிசி தன் பழைய அணிக்கெதிராக முதல் கோலை அடித்தார். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில், இடப்புறமாகப் பந்தோடு பாய்ந்த எல்கியரை யுவெந்துஸின் இளம் தற்காப்பாளர் ஸ்தேஃபனோ பியோலி மறித்தார். அந்த மோதலில் எல்கியரின் வலக்கால் காலணி கழன்று விழுந்தது. அவர் நிற்கவில்லை. வெறும் காலுறையோடு இன்னும் உள்ளே வெட்டிச் சென்று, அதே வலக்காலால் பந்தை உதைத்துக் கோலாக்கினார். காலணியில்லாக் கோல் என்று இன்றளவும் வெரோனாவில் பேசப்படுவது அதுதான். 2–0 என்ற அந்த முடிவுக்குப் பிறகுதான், இது ஏதோ சில வாரத்துக் கூத்து இல்லை என்று பிறர் எண்ணத் தொடங்கினர்.

தலைமையிடத்தை வெரோனா விட்டுக்கொடுக்கவே இல்லை. 1985 ஜனவரியில் வட இத்தாலியைப் பெரும்பனி மூடியது. அம்மாதத்தில்தான் அவெல்லீனோ ஊரில் முதல் தோல்வி. சரிவு தொடங்கிவிட்டது என்று ஆரூடம் சொன்னார்கள். ஊதினேயில் நடந்த ஆட்டத்தில் வெரோனா மூன்று கோல் முன்னே சென்று, மூன்றையும் திருப்பிக் கொடுத்து, 3–3 என்று நின்றது. அந்நிலையில் சிதறிப்போகும் அணிகளே மிகுதி. வெரோனா மேலும் இரண்டு அடித்து 5–3 என்று வென்றது. ஓர் அணி தன்னைத்தானே நம்பத் தொடங்கும் கணம் என்று ஒன்று உண்டானால் அது அன்று நேர்ந்திருக்கவேண்டும். வசந்தத்தில் டோரினோ வெரோனாவுக்கே வந்து 2–1 என்று வென்றது. அதுவே இரண்டாவது தோல்வி, அதற்குமேல் இல்லை.

மே 12ஆம் நாள் பெர்காமோவில் அத்தலாந்தாவுடன் ஆட்டம். ஒரு புள்ளி போதும். அத்தலாந்தா முந்தியது, இடைவேளைக்குப் பின் எல்கியர் சமன் செய்தார், 1–1. ஒரு ஆட்டம் மீதியிருக்கையிலேயே பட்டம் உறுதியாயிற்று. கடைசி நாளில் அவெல்லீனோவை 4–2 என்று வென்று, ஜனவரிக் கடனையும் தீர்த்துக்கொண்டார்கள்.

வெற்றிக்கு இரண்டு, சமநிலைக்கு ஒன்று என்று புள்ளி வழங்கிய காலம் அது. முப்பது ஆட்டங்களில் 15 வெற்றி, 13 சமநிலை, 2 தோல்வி; 43 புள்ளிகள். டோரினோ 39, இன்டர் 38, சம்ப்தோரியா 37. மிலானும் யுவெந்துஸும் 36. வெரோனா அடித்தது 42 கோல், வாங்கியது 19. கால்டெரிசி பதினொன்று, பிரீகல் ஒன்பது, எல்கியர் எட்டு. நாடு முழுதும் ஒரே பிரிவாகச் சீரீ ஆ நடக்கத் தொடங்கிய 1929 முதல் 2025 வரையிலான காலத்தில், மாநிலத் தலைநகரம் அல்லாத ஓர் ஊரின் அணி பட்டம் வென்றது இந்த ஒரே முறைதான்.

சீட்டு செய்தது என்ன?

இனி நம் கேள்விக்கு வருவோம்.

சீட்டே வெரோனாவை வெல்லவைத்தது என்போரின் வலிமையான சான்று காலப்பொருத்தம். சீட்டு வந்தது, வெரோனா வென்றது. சீட்டு போனது, 1985–86இல் யுவெந்துஸ் வென்றது, வெரோனா பத்தாம் இடத்திற்கு இறங்கியது. ஆனால் ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தது என்பதாலேயே ஒன்றால் மற்றது நிகழ்ந்தது ஆகாது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் அறிவோம்.

முதலாவதாக, வெரோனா வானத்திலிருந்து குதித்த அணி அன்று. பன்யோலி 1981இல் பொறுப்பேற்றார். 1982இல் இரண்டாம் நிலைப் போட்டியில் முதலிடம் பெற்று மேலேறினார். 1982–83இல் சீரீ ஆவில் நான்காம் இடம், இத்தாலியக் கோப்பையில் இறுதி ஆட்டம். 1983–84இல் ஆறாம் இடம், மீண்டும் கோப்பை இறுதி. இவை அனைத்தும் திருவுளச்சீட்டுக்கு முன்பு, அதிகாரி ஒதுக்கிய நடுவர்களின் கீழ் ஆடிப் பெற்றவை. மூன்றாண்டு ஏறிவந்த ஏணியின் அடுத்த படியைக் கண்டு வியப்பவர்கள், ஏணியைப் பார்க்காதவர்கள்.

இரண்டாவதாக, கணக்கு. நடுவரின் சாய்வு பெரும்பாலும் ஒரு கோல் வித்தியாச ஆட்டங்களில்தான் முடிவை மாற்றும். வெரோனா இரண்டாமிடத்தை நான்கு புள்ளி விட்டு முந்தியது. முப்பது ஆட்டங்களில் பத்தொன்பது கோல்களே வாங்கிய தற்காப்பைச் சீட்டுக் குலுக்கிப் பெறமுடியாது.

மூன்றாவதாக, அடுத்த ஆண்டுச் சரிவுக்குக் காரணம் தேட நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. கரெல்லாவை நாப்போலி கொண்டுபோனது. ஃபன்னாவையும் மரங்கோனையும் இன்டர் கொண்டுபோனது. சிறிய கழகம் வென்றால் பெரிய கழகம் அதன் ஆட்களை விலைக்கு வாங்கும். இது எந்த நடுவரும் விசில் ஊதித் தடுக்கமுடியாத விதி. 1987இல் நாப்போலியும் 1991இல் சம்ப்தோரியாவும் தம் முதல் பட்டங்களை வென்றபோது, இத்தகைய முழுமையான சீட்டு ஏதும் துணைக்கு இல்லை என்பதையும் சேர்த்து எண்ணவேண்டும்.

அப்படியானால் சீட்டு ஒன்றுமே செய்யவில்லையா? செய்தது என்றே நாம் கருதுகிறோம். வெனிஸ் நகரத்தார் அறிந்திருந்த அந்த ஒன்றைச் செய்தது. அந்த ஓராண்டில் தோற்றவர்கள் யாரும், நடுவரை அனுப்பியவரைச் சுட்டி முணுமுணுக்க வழியில்லை. 1981, 1982 பட்டங்களின்மேல் படிந்த நிழல் 1985 பட்டத்தின்மேல் படியவில்லை. சீட்டு வெரோனாவுக்கு வெற்றியைத் தரவில்லை; அவ்வெற்றியை ஐயத்திலிருந்து காத்தது. விசித்திரம் என்னவென்றால், ஐயத்தைப் போக்கவந்த அதே சீட்டு, ஊர்வாயில் நாளடைவில் வெற்றிக்கே காரணமாகிவிட்டது. தகுதியைக் காக்க வைத்த வேலி, தகுதியை மறைக்கும் திரையானது.

இதற்கு ஒரு மனக்காரணம் உண்டு. பெரிய அணி வென்றால் நாம் காரணம் கேட்பதில்லை. வெல்வது அதன் இயல்பு என்று கொள்கிறோம். எளியவர் வென்றால் உடனே காரணம் தேடுகிறோம்: சீட்டு, பனி, எதிரியின் அசட்டை, அதிர்ஷ்டம். அன்பினால் சொல்வோரும்கூட, ‘அந்த ஓராண்டுதான் நேர்மை நிலவியது, அதனால்தான் வென்றார்கள்’ என்று சொல்லும்போது, பன்யோலியின் நான்காண்டு உழைப்பைத் தம்மையறியாமல் கழித்துவிடுகிறார்கள். பெரியோரைக் குற்றம் சாட்டும் ஆர்வத்தில் எளியோரின் திறமை பலியாகிறது.

மறுபுறம், நடுவர் ஒதுக்கீடு பற்றிய அச்சம் வெற்றுப் பிரமை என்று ஒதுக்கவும் வரலாறு விடவில்லை. 2006இல் வெளிவந்த தொலைபேசி உரையாடல்கள், கழக நிர்வாகிகளும் நடுவர்களை ஒதுக்கும் அதிகாரிகளும் கொண்டிருந்த நெருக்கத்தை அம்பலப்படுத்தின. யுவெந்துஸ் 2004–05, 2005–06 பட்டங்களை இழந்து இரண்டாம் நிலைக்கு இறக்கப்பட்டது. ஆயினும் 2000களில் மெய்ப்பிக்கப்பட்டதைக் கொண்டு 1980களுக்குத் தீர்ப்பெழுத முடியாது. ஒவ்வொரு காலத்தின் வழக்கையும் அக்காலத்தின் சான்றாலேயே தீர்க்கவேண்டும்.

பின்கதை

வெரோனாவின் கொண்டாட்டம் நீடிக்கவில்லை. பெர்காமோ ஆட்டம் நடந்த பதினேழாம் நாள், மே 29 அன்று, பிரஸ்ஸல்ஸின் ஹைசல் அரங்கில் யுவெந்துஸ்–லிவர்பூல் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்திற்கு முன் எழுந்த கலவரத்தில் சுவர் சரிந்து 39 பேர் மாண்டனர், பெரும்பாலோர் இத்தாலியர். 1985 என்றால் இத்தாலியக் கால்பந்தின் நினைவில் முதலில் எழுவது அந்தத் துயரமே. அதற்குப் பின்னால்தான் காலணியில்லாக் கோல்.

ஊழ் அத்தோடு விடவில்லை. அடுத்த பருவத்து ஐரோப்பியக் கோப்பையில் வெரோனா இரண்டாம் சுற்றில் யுவெந்துஸையே சந்தித்தது. வெரோனாவில் 0–0. நவம்பர் 6ஆம் நாள் டூரினில் நடந்த மறு ஆட்டம், ஹைசல் நிகழ்வுக்கான தண்டனையாகப் பார்வையாளர் இன்றிப் பூட்டிய அரங்கில் நடந்தது. வெரோனா 0–2 என்று தோற்றது. பிரெஞ்சு நடுவரின் தீர்ப்புகளால் வெரோனா தரப்பு கொதித்தது. திருடரைத் தேடுவதானால் எதிரணியின் அறைக்குப் போங்கள் என்ற பொருள்படக் காவலர்களிடம் பன்யோலி சொன்னதாக வழங்கும் கசப்பான சொல் அன்று பிறந்ததுதான். பேசாத மனிதரைப் பேசவைத்த நாள் அது.

1990 ஏப்ரல் 22ஆம் நாள், பட்டத்தை எதிர்நோக்கி வந்த மிலானை வெரோனா மீண்டும் 2–1 என்று வீழ்த்தியது. அந்த முறை பட்டம் நாப்போலிக்குப் போனது. ஆனால் அதே பருவத்தில் வெரோனா கீழிறங்கியது. ஒன்பதாண்டு கழித்துப் பன்யோலி விடைபெற்றார். அடுத்த ஆண்டே கழகம் திவாலாயிற்று. பன்யோலி ஜெனோவா கழகத்திற்குச் சென்று, 1992இல் ஆன்ஃபீல்டில் லிவர்பூலை வென்ற முதல் இத்தாலிய அணியாக அதை ஆக்கினார். பிறகு இன்டரை ஒருமுறை இரண்டாமிடத்திற்குக் கொண்டுசென்றார். 1994இல் பணிநீக்கம் செய்யப்பட்டதும் பயிற்சித் தொழிலையே விட்டுவிட்டார். ஆன்ஃபீல்டில் வென்றபோது அவருடைய நடுவரை ஒரு சிறுவன் சீட்டெடுத்துத் தரவில்லை. திறமை அவரோடு கூடவே சென்றிருந்தது.

இப்படித் தொகுத்துப் பார்க்கையில், 1984–85 பருவத்தின் வரவுசெலவை எழுதுவது அத்துணைக் கடினமன்று. நடுவர்களின் பெயர்களைக் குலுக்கி எடுத்தவர்களுக்கு நன்றி சொல்லலாம். ஆட்டத்தின் முடிவை எல்லோரும் நம்பும்படி செய்தமைக்காக. முப்பது ஆட்டங்களையும் ஆடியவர்கள் வேறு. கழன்ற காலணியை எடுக்க நில்லாமல் ஓடிய எல்கியரும், மூன்று கோல் திருப்பி வாங்கிய பின்னும் குலையாத திரிசெல்லாவின் தற்காப்பும், வாட்டமுகத்தோடு ஓரத்தில் அமர்ந்திருந்த பன்யோலியும் எந்தக் குடத்திலிருந்தும் எடுக்கப்பட்டவர்கள் அல்லர்.